ஊசி முன்னாலா, விலங்கு முன்னாலா

— அந்தத் தெருப் பக்கத்து ஜன்னலையும் சாத்திடுங்க அக்கா. வெளிச்சம் அடிச்சா டிவியிலே டாக்டரு மூஞ்சே தெரியாது.

— சாத்தினா வேவுது தம்பி. சித்திரை வெயிலு. இவரு வேற கால்ல புத்தூர் கட்டுப் போட்டுக்கினு கட்டிலோட கெடக்கறாரு.

— எனக்கொண்ணும் வேவலை. சாத்துடி. வாசக்கதவையும் நல்லா போடு. படம் ஓடுதுன்னு தெரிஞ்சா தெருவே உள்ள பூந்துடும்.

— பூட்டே போட்டாச்சுங்க. சாவி என் இடுப்புல கீது.

— பார்த்தியா சின்னராசு? நான் சண்டைப் படம் கேட்டேன். களத்துல வண்டி சாஞ்சு காலை ஒடைச்சுக்கினு மூணு வாரமா மோட்டுவளையைப் பார்த்துக்கினு கெடக்கறவனுக்கு நாலு குத்து, நாலு ஒதை வேணுமா இல்லியா? இவ போயி இந்தப் பங்களாப் படத்தைக் கேட்டுக்கீறா.

— எனக்கே அதிசயம்தான் அண்ணே. வாடகைக்குப் படம் போட டிவியும் டெக்கும் தூக்கிக்கினு நாலு வருசமா ஊர் ஊரா சுத்தறேன், இந்தப் படத்தைக் கேட்ட மொத ஆளு அக்காதான். வாலாஜாபாத்துல கெடையாது. காஞ்சிபுரத்துல மூணு கடை ஏறி எறங்கினேன். ஒருத்தன் கல்லாப் பொட்டிக்கு அடியிலேருந்து எடுத்துத் தொடைச்சுக் குடுத்தான். பளைய கேசட்டு, அங்கங்க கோடு விளும். கண்டுக்காதீங்க.

— கோடு விழட்டும் தம்பி. எது மொதல்ல வருது, எது பின்னால வருதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.

— அதை நான் சொல்றேன் கேளு. இதோ இப்ப டாக்டரு மாடிப்படி ஏறுவான் பாரு. கைல ஊசி. மேல கதாநாயகியோட அக்காக்காரி தூக்கம் வராம நடந்துக்கினு இருப்பா…

— அண்ணே, அண்ணே! சஸ்பென்சு படம் அண்ணே. ஒடைக்காதீங்க. அக்கா மொத தடவை பாக்கறாங்க.

— சொல்லட்டும் தம்பி. எனக்கு இதுல சஸ்பென்சு இல்லே. கொலைகாரன் டாக்டருதான்னு இந்தச் சுத்துப்பட்டுல பொறந்த கொழந்தைக்கும் தெரியும்.

— அப்பிடி ஓடிச்சா இந்தப் படம் இங்க? சர்த்தான். ஒரு நிமிசம் அக்கா, கெணத்தடியிலே மூஞ்சி களுவிக்கினு வந்துடறேன். வேர்வை கண்ணுல எறங்குது. படத்தை நிறுத்தி வெச்சிட்டுப் போறேன், யாரும் டெக்கைத் தொடாதீங்க. டாக்டரு அப்பிடியே படிக்கட்டுல நிப்பான், எங்கயும் போ மாட்டான்.

— பார்த்துப் போ, பின்னால வாழைக்குப்பை வழுக்கும்.

— … போயிட்டானா?

— போயிட்டான்.

— இப்ப சொல்லு. எதுக்கு இந்தப் படம்?

— தெரிஞ்சிக்கினே கேக்கறீங்க.

— போன வாரம் உங்கண்ணி கோமளவல்லி வந்து வாசல்ல நின்னு அழுதாளே, அதுக்கா?

— அண்ணி அழுவலை. ஒரு வாய் தண்ணி கூட வாங்கிக் குடிக்கலை. அண்ணன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலே கடைசி மூச்சுல கீறான்னு சொன்னா. வந்து பாக்கச் சொல்லி அவன் கேக்கலையாம். ஒண்ணே ஒண்ணு கேட்டானாம். ‘எங்க இருந்தாவது அந்தப் படத்தை ஒரு தடவை பாக்கச் சொல்லு. டாக்டருக்கு வெலங்கு மாட்டினப்புறம் ஊசி போடறானா, ஊசி போட்டப்புறம் வெலங்கு மாட்டறாங்களா, அதை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லு. எனக்கே என் புத்தி மேல சந்தேகம் வந்துடிச்சி’ன்னானாம்.

— இன்னும் அதையே சொல்லிக்கினு கீறானா உங்கண்ணன்? பெத்த அப்பனை மாட்டுக்கொட்டாயிலே வெச்சுக் கொளுத்திட்டு, பத்து வருசம் உள்ள கெடந்துட்டு வந்து, இன்னும் வெலங்கு ஊசி, ஊசி வெலங்குன்னு! தாமோதரனுக்குப் புத்தி அன்னிக்கே போச்சு.

— கொளுத்தலைன்னு சொன்னான். அன்னிக்கு ராத்திரி மானாம்பதி டென்ட்டு கொட்டாயிலே இந்தப் படம் பார்த்துக்கினு இருந்தேன்னான்.

— பார்த்தவன் கதையை ஒழுங்கா சொல்லணுமா இல்லியா? இன்ஸ்பெக்டரு கேட்டாரு, சொல்லுடா கதையைன்னு. அந்த மனுசன் ஒரு வாரம் முன்னாடிதான் காஞ்சிபுரத்துல குடும்பத்தோட பார்த்துட்டு வந்தவரு. அவருகிட்டயே போயி, ‘டாக்டரைப் புடிச்சு ஜீப்புல ஏத்திக்கினு போயிட்டாங்க, அப்புறம் டாக்டரு திரும்பி வந்து ஊசி போட்டாரு, அந்தம்மா படியிலே உருண்டு செத்துப் போச்சு’ன்னா? கோர்ட்டுல டவாலி கூட சிரிச்சான்.

— சிரிச்சாங்க. நானும் அங்கதானே நின்னேன். கொட்டாயிலே படம் பார்த்த வேற எவனும் சாட்சி சொல்ல வரலை.

— என்னைக் கேட்டாங்க. நான் ஊசி, படிக்கட்டு, வெலங்குன்னு வரிசையா சொன்னேன். நான் மானாம்பதி கொட்டாயிலேதான் இருந்தேன், எல்லார் மூஞ்சியும் பார்த்தேன், இவன் அங்க இல்லவே இல்லேன்னு சொன்னேன். மச்சான்னு பார்க்கலை. நெஞ்சுல கை வெச்சுச் சொன்னேன். அது பொய்யா?

— பொய்யின்னு நான் சொன்னேனா? அப்பாவைக் கொன்னவன்னு பதினெட்டு வருசமா அவன் மூஞ்சியிலே முழிக்கலை நானு. என் கல்யாணத்துக்கு வாழைமரம் வெட்டிக் கட்டினவன். ஜெயில்ல இருந்து வந்து இதே வாசல்ல நின்னப்ப, கதவைச் சாத்தினவ நானு. ஒண்ணே ஒண்ணு பார்த்துக்கறேன். அவன் சொன்ன மாதிரி படத்துல வெலங்கு மொதல்ல வந்தா, ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறிப் போயி அவன் கால்ல விழுவேன். ஊசி மொதல்ல வந்தா, அவன் சாவுக்கும் போ மாட்டேன். அவ்ளோதான்.

— நல்லா பாரு. கண்ணைத் தொடைச்சுக்கினு பாரு. வேணும்னா ரெண்டு தடவை போடச் சொல்றேன். எனக்கு இன்னாடி பயம்? டேய் சின்னராசு! எத்தினி குடம் எறைக்கறே? வா, வந்து போடு!

— வந்துட்டேன் அண்ணே, வந்துட்டேன். அப்பா, கெணத்துத் தண்ணி ஜில்லுனு கீது. பார்த்தீங்களா, டாக்டரு அப்பிடியே நடுங்கிக்கினு நிக்கறான். போடட்டுமா?

— போடு தம்பி.

— … ஏறுறான் பாருங்க. அந்தக் காலத்துல இந்த மூசிக்குக்கே பொம்பளைங்க கண்ணைப் பொத்திக்குவாங்க.

— பார்த்தியா ஆதிலட்சுமி? கைல இன்னா?

— ஊசி.

— இப்ப?

— போட்டுட்டான்.

— அக்காக்காரி எங்க?

— படியிலே உருளறா.

— வெலங்கு மாட்டிட்டாங்களா டாக்டருக்கு?

— இல்லே.

— ஜீப்பு வந்துச்சா?

— வரலைங்க. இல்லேன்னு சொல்றேனே. போதும் விடுங்க.

— விடக் கூடாது. பதினெட்டு வருசமா இந்த வூட்டுல சோத்துல கை வெக்கிற ஒவ்வொரு தடவையும், நீ உள்ளுக்குள்ள அதையே யோசிச்சுக்கினு இருந்தே. எனக்குத் தெரியாதா? இதோ வருது ஜீப்பு. இதோ வெலங்கு. ஊசிக்கு அப்புறம் வெலங்கு. போதுமா? எவன் பொய்யன்?

— … எங்கண்ணன்.

— சத்தமா சொல்லு.

— எங்கண்ணன்தான் பொய்யன். போதுமா உங்களுக்கு?

— அய்யய்யோ! போச்சு. போச்சு அண்ணே. கரண்டு போச்சு. இதுக்குத்தான் நான் மானாம்பதிப் பக்கம் வரவே மாட்டேன்னு சொன்னேன். இந்நேரம் பார்த்துப் போவும் சனியன்.

— நல்லதாப் போச்சு. பாக்க வேண்டியதைப் பார்த்தாச்சு. டெக்கை எடுத்துக்கினு கெளம்பு நீ.

— எப்பிடிக் கெளம்பறது? கேசட்டு உள்ள மாட்டிக்கிச்சே. கரண்டு இருந்தாதான் வாயைத் தொறந்து துப்பும் இது. நோண்டி இழுத்தா டேப்பு அறுந்துடும். சாயங்காலம் பழையசீவரத்துல காதுகுத்துக்கு டெக்கு பேசிக்கீறேன், என்னை வெட்டிப் போட்டுடுவாங்க. அக்கா, ஒரு சிம்னி வெளக்கு இருந்தா குடுங்க. உள்ள எப்பிடி மாட்டிக்கினு கீதுன்னு பாக்கறேன்.

— நல்லெண்ணெ வெளக்கு ஏத்தித் தரேன் தம்பி. இந்த வூட்டுல கிருஷ்ணாயில் கெடையாது.

— கிருஷ்ணாயில் இல்லாத வூடா? ரேசன்ல வாங்கறதில்லையா?

— வாங்க மாட்டா. கொமட்டிக்கினு வரும் அவளுக்கு. மசக்கையிலே புடிச்ச கோளாறு, பதினெட்டு வருசமா வெறகும் நல்லெண்ணெயுமா எங்களைப் பேஜார் பண்ணிக்கினு கீறா.

— வெளக்கு வேணாம் தம்பி, இரு. இந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறக்கறேன். பகல்தானே. இந்தா, மோர் குடி. கரண்டு வர்ற வரைக்கும் நீயும் மாட்டிக்கினவன்தான்.

— அது வாஸ்தவம். ஆனா பாருங்க அக்கா, இந்தப் படத்தோட நான் மாட்டிக்கிறது இது மொத தடவை இல்லே. நெனச்சா இப்பவும் சிரிப்பு வரும். இதே மானாம்பதியிலே, இதே படத்துல நான் பண்ண கூத்து இருக்குதே!

— நீ இன்னா பண்ணே? நடிச்சியா?

— நடிக்கறதாவது அண்ணே! இருவத்திரண்டு வயசு எனக்கு. டென்ட்டு கொட்டாயிலே வேலை. ஆப்பரேட்டர் பெருமாள் அண்ணனுக்கு ரீல் பொட்டி தூக்கறவன். உத்திரமேரூர்ல ஒரு கொட்டாய், மானாம்பதியிலே ஒரு கொட்டாய், ரெண்டுக்கும் ஒரே மொதலாளி, ஒரே படம். அங்க ஒரு ரீலு ஓடி முடிஞ்சா, டப்பாவிலே போட்டு சைக்கிள்ல கட்டிக்கினு நான் இங்க மிதிக்கணும். இங்க ஓடறதுக்குள்ள அடுத்ததுக்குப் போவணும். ராத்திரி முச்சூடும் சைக்கிளு. என் தொடை அப்ப தேக்கு மரம்.

— அந்த ஒரே டப்பாவை வெச்சுக்கினு ரெண்டு ஊருக்கும் காட்டுவாங்களா?

— ஆமாக்கா. அன்னிக்கு மானாம்பதியிலே இந்தப் படம் மாத்தின மொத நாளு. ஆடி மாசம். காத்துன்னா காத்து, சைக்கிளோட ஆளைத் தூக்கிக்கினு போவுது. கேரியர்ல ரெண்டு டப்பா கட்டிக்கீறேன். ஒம்பதாவது ரீலு, பத்தாவது ரீலு. ஏரிக்கரை மேல வந்துக்கினு கீறேன், திடீர்னு பனந்தோப்புக்கு மேல வானமே செவந்து போச்சு! இன்னாடா இதுன்னு அதையே பார்த்துக்கினு மிதிச்சேன். பள்ளத்துல எறங்கிட்டேன். நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், டப்பா ரெண்டும் உருண்டு மூடி தொறந்துகிச்சு.

— வானம் எதுக்கு செவந்துச்சு தம்பி?

— எங்கயோ வைக்கோல் போர் புடிச்சிக்கிச்சு அக்கா. காத்துல பக்கத்து மாட்டுக்கொட்டாயும் எரிஞ்சு, உள்ள ஒரு கெளவரும் போயிட்டாருன்னு மறுநாள் சொன்னாங்க. பாவம், யார் வூட்டுப் பெரியவரோ.

— … அப்புறம்?

— போதும் சின்னராசு, தலை வலிக்குது. கொஞ்ச நேரம் சும்மா இரு.

— அவன் சொல்லட்டுங்க. நீ சொல்லு தம்பி. டப்பா உருண்டுச்சு.

— உருண்டுச்சா. நம்பரு மூடி மேலதான் எளுதியிருக்கும், டப்பா மேல கெடையாது. இருட்டுல தடவித் தடவி மூடினேன் பாருங்க, ஒம்பது மூடி பத்துக்குப் போச்சு, பத்து மூடி ஒம்பதுக்கு. பெருமாள் அண்ணன் மூடியைப் பார்த்தாரு, மாட்டினாரு, ஓட்டினாரு. கேளுங்க கூத்தை! படிக்கட்டுல கொலையே நடக்கலை, டாக்டருக்கு வெலங்கு போட்டு ஜீப்புல ஏத்திக்கினு போவுறாங்க! அது முடிஞ்சு அடுத்த டப்பாவை மாட்டினா, ஜீப்புல போன டாக்டரு ஜம்முனு கைல ஊசியோட படியேறி வரான்! கல்லெறிவாங்கன்னு ஆப்பரேட்டர் ரூம்ல ஒளிஞ்சிக்கினேன். ஒருத்தனும் எறியலை! காத்துல கொட்டாயே பிச்சிக்கினு போவுது, முப்பது பேரு கூட இல்லே. ஒரு பெருசு பக்கத்துல இருக்கறவனுக்கு வெளக்கம் சொல்லுது, ‘முன்கதை காட்றாண்டா, பேசாம பாரு’ன்னு. இன்னாக்கா, சிரிக்க மாட்டேன்றீங்க?

— எத்தினி நாள் அப்பிடி ஓடிச்சு?

— ஒரே ராத்திரிதான். விடிஞ்சா கொட்டாய் கந்தலா கெடக்குது. பிரிச்சு வண்டியிலே ஏத்திக்கினு வந்தவாசிப் பக்கம் போயிட்டோம். அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே தலை காட்டலை. வெளிய சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடும்னு பெருமாள் அண்ணன் என் தலையிலே அடிச்சு சத்தியம் வாங்கினாரு. அவரு போயே அஞ்சு வருசமாச்சு. இனிமே சொன்னா இன்னா?

— அன்னிக்கு ராத்திரி மானாம்பதி கொட்டாயிலே உக்காந்து பார்த்தவன் எவனா இருந்தாலும், வெலங்குக்கு அப்புறம்தான் ஊசியைப் பார்த்திருப்பான். இல்லியா தம்பி?

— வேற மாதிரி பார்த்திருக்கவே முடியாதே அக்கா. ஒளுங்கா கதை சொல்றான்னா அவன் அன்னிக்கு அங்க இல்லேன்னு அர்த்தம்.

— எழுந்திரு சின்னராசு. வெளிய போ. டெக்கு கெடக்கட்டும், கரண்டு வந்தப்புறம் வந்து எடுத்துக்கோ.

— இன்னா அண்ணே, நான் தப்பா இன்னா சொல்லிட்டேன்?

— நீ உக்காரு தம்பி. சாவி என்கிட்ட கீது. அந்த மாட்டுக்கொட்டாயிலே வெந்து போன கெழவரு பேரு ஏகாம்பரம். எங்கப்பா.

— அய்யோ!

— கொளுத்தினது எங்கண்ணன்னு பத்து வருசம் ஜெயில்ல போட்டாங்க. வெலங்குக்கு அப்புறம் ஊசின்னு சொன்னதாலே. ஊசிக்கு அப்புறம் வெலங்குன்னு சொன்ன சாட்சி, இதோ கட்டில்ல கால் நீட்டிக்கினு படுத்துக்கினு கீது.

— ஆதி, இங்க பாரு. நான் சொல்றேன் கேளு. நான் பார்த்தது உத்திரமேரூர் கொட்டாயிலே. அங்க ஒழுங்காதான் ஓடிச்சு. மானாம்பதின்னு அன்னிக்கு வாய் தவறி…

— வாய் தவறியா? உத்திரமேரூர்ல உக்காந்துக்கினு, மானாம்பதி கொட்டாயிலே எங்கண்ணன் இல்லேன்னு எப்பிடிய்யா பார்த்தே நீ?

— இன்னாடி, கட்டின புருசனை நீ, வா, போன்றே?

— ஒவ்வொருத்தன் மூஞ்சியும் பார்த்தேன்னு நெஞ்சுல கை வெச்சுச் சொன்னியே. எந்த மூஞ்சியைப் பார்த்தே? இந்தக் கதை உனக்கு எப்பிடித் தெரியும்?

— காஞ்சிபுரத்துக்கு வெதை வாங்கப் போனப்ப பார்த்தேன். போதுமா? ஒரு படத்தை ரெண்டு தடவை பாக்கக் கூடாதா?

— அக்கா, நான் அந்தப் பின்கட்டுல போயி நிக்கறேன். உங்க குடும்ப சமாச்சாரம்…

— எங்கயும் போவாதே. அன்னிக்கு ராத்திரி நீ எங்க இருந்தே? சொல்லுய்யா.

— கத்தாதே. ஜன்னலைச் சாத்து.

— எங்க இருந்தே?

— ஏரிக்கரை நெலத்தை உனக்குன்னு சொல்லித்தானே உன்னை எனக்குக் கட்டி வெச்சாரு உங்கப்பன்? அந்த ஆடியிலே, அதையும் தாமோதரன் பேருக்கே மாத்திடறேன்னாரு. நான் போயி நின்னு கேட்டேன். கூலிக்காரனை வெரட்டற மாதிரி களத்துல பத்து பேரு பார்க்க வெரட்டினாரு. வயிறு எரிஞ்சு போச்சு. போரை மட்டுந்தான்… வைக்கோல் போருதானே, எரிஞ்சா புத்தி வரும்னு பார்த்தேன். அந்தப் பாழாப்போன காத்து கொண்டு போயி மாட்டுக்கொட்டாய் மேல போடும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?

— உள்ள அப்பா படுத்திருந்தாரு.

— அந்த மனுசன் அங்க படுக்கற ஆளே இல்லே! பசு கன்னு போடப் போவுதுன்னு அன்னிக்குப் பார்த்துப் போயி படுத்தாரு. சாமி மேல ஆணையா எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் இன்னா பண்ண முடியும்? உனக்கு வயித்துல அஞ்சு மாசம். நான் உள்ள போனா நீ எங்க நின்னிருப்பே? அதையும் யோசிச்சுப் பாரு.

— அதுக்கு எங்கண்ணனை அனுப்பிச்சே.

— அவனுக்கும் அப்பனுக்கும் அந்த வாரம் சண்டை. ஊரே அவனைத்தான் கை காட்டிச்சு. நான் ஒரு வார்த்தை சேர்த்தேன், அவ்ளோதான்.

— அக்கா… கரண்டு வந்துடிச்சி. லைட்டு எரியுது பாருங்க. நான் கேசட்டை எடுத்துக்கினு போயிடறேன். காதுல ஒண்ணும் விளலை எனக்கு. சாமி சத்தியமா ஒண்ணும் விளலை.

— எடுத்துக்கோ. எடுத்துக்கினு கெளம்பு. சாவியைக் குடுடி அவனுக்கு.

— தம்பி, உனக்கு எழுதத் தெரியுமா?

— தெரியும்… அஞ்சாவது வரைக்கும் படிச்சுக்கீறேன்.

— எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். இந்தா, எம் பொண்ணு ஜெயமணியோட நோட்டு. பின்னால வெறும் தாளு கீது. டப்பா உருண்டதை, மூடி மாறினதை, வானம் செவந்ததை, எந்த ராத்திரின்னு, எல்லாத்தையும் எழுதிக் கீழ உன் பேரைப் போடு. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நான் செங்கல்பட்டு போறேன். அவன் கண்ணு மூடறதுக்குள்ள படிச்சுக் காட்டணும். உன் புத்தி நல்லாத்தான் கீதுண்ணே, நீ பார்த்ததுதான் சரின்னு அவன் காதுல விழணும்.

— அக்கா, நான் டெக்கு தூக்கிப் பொளைக்கறவன். போலீசு, கோர்ட்டுன்னு இஸ்துக்கினு போனாங்கன்னா…

— உன் ஒரு மூடியாலே ஒருத்தன் பத்து வருசம் உள்ள கெடந்தான் தம்பி. உன்னைத் திட்டலை. எழுதுன்னுதான் கேக்கறேன்.

— … பேனா குடுங்க.

— டேய், எழுதாதே! ஆதி, கொஞ்சம் யோசி. ஜெயமணியை வைகாசியிலே வாலாஜாபாத்துலேருந்து பொண்ணு பாக்க வராங்க. தாத்தாவைக் கொன்னவன் பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? தையல் கிளாசுலேருந்து வரும் அது, அதுகிட்ட இன்னா சொல்லுவே? என்னை விடு. அதைக் குழியிலே தள்ளுவியா நீ?

— பதினெட்டு வருசமா அந்தக் குழிக்குள்ளதான் அதுக்கு தலை வாரிப் பூ வெச்சுக்கினு கீறேன். எழுது தம்பி.

— எழுதறதுக்கு முன்னாடி அவளை ஒண்ணு கேளு சின்னராசு! ரொம்ப யோக்கியக்காரியாட்டம் நிக்கறாளே, அன்னிக்கு ராத்திரி நான் வூடு வந்து சேர்ந்தப்புறம் அவ கையாலே இன்னா பண்ணான்னு கேளு. விடியறதுக்குள்ள கெணத்தடியிலே உக்காந்து இன்னா பண்ணான்னு கேளு. நான் சொல்லச் சொன்னேனா? ஒரு வார்த்தை பேசலை நான். அவளா எடுத்துக்கினு போனா. சொல்லுடி பார்க்கலாம். சொல்ல மாட்டா. நான் போற எடத்துக்கு அவளும்தான் வரணும், அது அவளுக்குத் தெரியும்.

— இன்னாக்கா சொல்றாரு இவரு? எழுதட்டுமா, வேணாமா?

— மூடி மாறினதை ரெண்டாவதா எழுதிக்கலாம் தம்பி. மொதல்ல இதை எழுது. மாட்டுக்கொட்டாய் எரிஞ்ச ராத்திரி, கிருஷ்ணாயில் நாத்தம் அடிச்ச புருசன் சட்டையை எடுத்துக்கினு போயி, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, விடியறதுக்குள்ள தோய்ச்சு ஆடிக் காத்துல காயப் போட்டவ, வெந்து போன ஏகாம்பரத்தோட மவ, ஆதிலட்சுமி.